அம்மாவின் கை அளவு

கிட்டார் பழுதுபார்க்கும் கடையில் மரம் ஒட்டும் வஜ்ரப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாடையில் எங்கள் சின்ன காஞ்சிபுரத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா தறி செய்யும் ஆசாரி. பத்து வயது அக்கா ஆசைப்பட்டாள் என்று, பலாப் பலகையை இழைத்து, தட்டித் தட்டி ஓசை கேட்டு ஒரு கிட்டார் செய்தார். வளரும் பிள்ளைக்குப் பாவாடையைப் பெரிதாகத் தைப்பதுபோல, அதன் கழுத்தை மட்டும் அம்மாவின் கையை அளந்து செதுக்கினார்.

விரல் எட்டாமல் அக்கா அழுதாள்.

“வளர்ற கைதானேமா, எட்டும்” என்றார் அப்பா.

அந்த வருஷமே காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். அவள் கைக்கே செய்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைக்காரர் எங்கள் கிட்டாரைச் சரிசெய்து என் மடியில் வைத்தார். என் விரல்கள் எல்லாக் கம்பிக்கும் எட்டின.

“உங்க கைக்கே அளவெடுத்து செஞ்சா மாதிரி இருக்குதுமா” என்றார்.