காகத்துக்குச் சோறு கொண்டு ஏறிய மலை

மகள் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துக்குக் கீழே இரும்புப் பற்கள் இருந்தன. மலையேறும்போது பனியில் வழுக்காமல் இருக்க மாட்டிக்கொள்வதாம். "மே மாசத்தில என்ன பனி?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஒருகாலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டே சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு மலையேறிய மூன்று மொக்குகளில் நானும் ஒருவன்.

அப்போது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. அந்த நாற்றம் குளித்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். குணம் அண்ணையும் நானும் ஒரே அறை. அவருடைய தம்பியை ஊரில் ஒரு இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. சுட்டாயிற்று என்று செய்தி வந்தது, உடல் வரவில்லை. தாய் ஒவ்வொரு முறை போனில் வரும்போதும் சுகம் விசாரிக்க முதல் கேட்பது புதைத்த இடத்தைத்தான். "எங்க தாட்டவங்கள் எண்டு ஏதும் தெரிஞ்சுதோ, மோனை?"

தம்பியின் திவசத்துக்குக் குணம் அண்ணை சமைத்து, பல்கனியில் காகத்துக்குச் சோறு வைப்பார். எலி வரும் என்று கட்டடம் பார்க்கிறவன் பிரெஞ்சில் கத்துவான். 'மெர்சி', அதாவது நன்றி, என்று சொல்லிக் கதவைச் சாத்துவோம். எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அந்த வருடம் நகரத்துக்கு வடக்கே ஏதாவது மலையில் கொண்டுபோய் வைப்போம் என்று சொன்ன அறிவாளி அடியேன். கார் இருந்தது ரஞ்சனிடம். எங்களோடு அதே மெஷினில் நிற்பவன். கூப்பிட்டதும் வந்தான், யாருடைய திவசம் என்றுகூடக் கேட்கவில்லை.

மொன்றியலில் புல் முளைத்திருந்தது. மலையில் மர நிழலுக்குள் பாதை முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. செங்குத்தான ஏற்றம். வேர்களைப் பிடித்துத் தவழ்ந்தோம். சோற்றுப் பார்சல் என் கையில். மூச்சு வாங்க நின்ற இடத்தில் குணம் அண்ணை தம்பியின் பெயரையும் ஊரையும் சொல்லி, "அவன் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாத பிள்ளை" என்றார். ரஞ்சன் விழுந்து முழங்கால் கிழிந்த எரிச்சலில் இருந்தான்.

"காட்டிக் குடுத்தவன் எண்டுதானே சுட்டது?"

"உனக்கு ஆர் சொன்னது?"

ரஞ்சன் குனிந்து முழங்காலைத் துடைத்தான்.

"நீ அண்டைக்கு அங்க நிண்டனியோ?"

அவன் இறங்கத் திரும்பினான். குணம் அண்ணையின் முதல் அடியிலேயே ரஞ்சனின் மூக்கு உடைந்தது. இரண்டு பேரும் பனியில் உருண்டார்கள். விலக்கப் போன எனக்கு முழங்கையால் ஒரு குத்து, பல் ஆடியது, சோறெல்லாம் சரிவில் கொட்டுண்டது. குணம் அண்ணை ரஞ்சனுடைய முகத்தைப் பனிக்கட்டியில் வைத்துத் தேய்த்தார். பனி சிவந்தது. ஜாக்கெட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாறை விளிம்பில் அரை உடம்பைக் கீழே தொங்கவிட்டார். எங்களோடு மூன்று வேளையும் சாப்பிட்டவன் இவன் என்று நினைத்து நானும் தடுக்காமல் நின்றேன்.

"எங்கயடா தாட்டனீங்கள்?"

"நான் சுடேல்லை அண்ணை. மண்வெட்டி பிடிச்சது மட்டும்தான்."

"எங்க?"

ஒரு கையை விட்டார். ரஞ்சன் அலறினான்.

"எங்கட இயக்கக் காம்புக்குப் பின்னால, பனங்காணிக்குள்ள. கிணத்துக்குக் கிழக்கால ரெட்டைப் பனை நிண்டது. அதின்ர அடியில."

குணம் அண்ணை அவனை மேலே இழுத்தார். இழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் அடித்தார். அடித்து அடித்துக் கை ஓய்ந்து, அவன் மேலேயே விழுந்து குழறி அழுதார். பிறகு ரஞ்சன்தான் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு காரை ஓட்டினான். வேறு ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. சண்டை முடிந்தபின் குணம் அண்ணை ரஞ்சனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். பனைகளைப் பங்கர் பதுங்குகுழிகளுக்குத் தறித்துவிட்டார்கள், கிணற்றையும் மூடி நிரவிவிட்டார்கள். வெறும் வெளி. ரஞ்சன் நடுவில் நின்று இங்கே என்றானாம், இல்லை அங்கால என்றானாம். அவன் கை காட்டிய இடமெல்லாம் தாய் குந்தியிருந்து கற்பூரம் கொளுத்தினாவாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அவ அவனைக் கேட்கவேயில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒருக்கா வடிவா யோசிச்சுப் பார், ராசா" என்று மட்டும் சொன்னாவாம்.