ரோசலின் வண்டியின் சேசிஸ்

ஜாக்கி உள்ளே போனது

டிரெய்லரில் வந்த வண்டியை இறக்கி, பின்பக்கத்தைத் தூக்குவதற்காக அடியில் ஜாக்கி கொடுத்தோம். வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் சேசிஸுக்குள் ஏறியது. வர்க்கி பிஸ்கட்டை நொறுக்கிய மாதிரி ஒரு சத்தம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தகடு உடைந்து, துருவும் மணலும் கலந்து என் சட்டையில் கொட்டியது. மணலில் பொடிச் சிப்பிகள்கூட இருந்தன.

நான் ஹமீது. திருவொற்றியூர் ஹைரோட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் ஷெட். துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களின் சேசிஸ் வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். என்ஜின், கேபின், பாடி எல்லாவற்றையும் சுமக்கிற இரண்டு நீளமான இரும்புச் சட்டங்களும், அவற்றைக் குறுக்கே பிடித்திருக்கும் கிராஸ் மெம்பர்களும் சேர்ந்ததுதான் சேசிஸ். பெயின்ட் போனால் அசிங்கம், அவ்வளவுதான். சேசிஸ் போனால் வண்டியே இல்லை.

வந்தது ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் லாரி. கொண்டு வந்தவர் வின்சென்ட். காசிமேட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஜாக்கி உள்ளே போனதைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பாய், தேறுமா?"

"தொறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

அது இரும்புக்கடைக்குப் போக வேண்டிய வண்டி என்றுதான் அப்போது நினைத்தேன். மாத்தூர் பக்கம் ஒரு பழைய வண்டி யார்டில் இதே மாடலின் சேசிஸ் ஒன்று நல்ல நிலையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதை எடுத்துப் போட்டால் வேலை சுலபம் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சேசிஸ் நம்பர், ஆர்.சி. புத்தகம் என்று ஏதேதோ காரணம் சொல்லிப் பார்த்தார். கடைசியில்தான் உண்மையான காரணம் வந்தது.

"அது வேற வண்டியாப் பூடும் பாய். எந்தங்கச்சி ஓட்டுன வண்டி இது."

ஓட்டியது யார்

வின்சென்டின் அப்பா படகு இழுக்கிற கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். கடலில் இருந்து வரும் படகை ரிப்பேருக்காக மேட்டுக்கு ஏற்ற வேண்டும். இந்த லாரி அலை அடிக்கிற இடம் வரைக்கும் ரிவர்ஸில் போகும். வின்சென்ட் தண்ணீரில் இறங்கிப் படகில் வயர் ரோப்பை மாட்டுவார். லாரி இழுத்துக்கொண்டு மேலே ஏறும். மணலில் வண்டி ஓட்டுவது தார் ரோட்டில் ஓட்டுவதுபோல இல்லை. டிரைவராக வந்தவர்கள் எல்லாரும் வண்டியைப் புதைத்துவிட்டுப் போனார்கள். ஒரு தடவை அப்படிப் புதைந்து கிடந்தபோது, கரையில் மீன்கூடையோடு நின்றிருந்த ரோசலின் ஏறி உட்கார்ந்து வெளியே எடுத்தாளாம். அப்போது அவளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். அன்றிலிருந்து அவள்தான் டிரைவர்.

முதலில் கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு, ரோசலின் வந்தால்தான் எங்கள் படகை இழுக்க விடுவோம் என்று சொன்னார்கள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போகும் வரை அவள்தான் ஓட்டினாள். அதற்குப் பிறகு கடலரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். கரை போனது, வேலையும் போனது. வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

"போன் பண்ணா மொதல்ல வண்டி எப்டி கீதுன்னுதான் கேப்பா. அப்பறந்தான் நானு" என்றார் வின்சென்ட்.

ரோசலின் ஊருக்கு வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் கணவருக்குப் பக்கவாதம். படுக்கையில் அவரைப் புரட்டிப் போடக்கூட ஆள் வேண்டும். அம்மா இறந்தபோது அடக்கத்துக்குக்கூட அவளால் வர முடியவில்லை. முதல் வருஷ நினைவுத் திருப்பலிக்கு மட்டும், கணவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவள் எண்ணூர்ப் பக்கம் மணலில் ஒரு தடவை ஓட்ட வேண்டும். வின்சென்ட் கேட்டது அவ்வளவுதான். தங்கைக்கு அவர் எதையும் சொல்லவில்லை.

அந்தத் தேதிக்கு முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வேலையை எடுத்துக்கொண்டேன்.

இடது பக்கம்

கேபின், பாடி, என்ஜின் எல்லாவற்றையும் இறக்கினோம். வெறும் சேசிஸை ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி, லெவல் பார்த்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தோம். துருப்பிடித்த இடத்தை உடனே வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் மற்ற பகுதி தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். அதனால் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து, அசையாதபடி புள்ளி புள்ளியாக டேக் வெல்டு போட்டோம்.

பின்பக்கம் பலம் வேண்டும் என்று கம்பெனியிலேயே தகட்டுக்குள் இன்னொரு தகடு வைத்திருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடல் தண்ணீர் தங்கியிருந்தது. துரு வீங்கி இரண்டு தகட்டையும் பிளந்துவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் கொஞ்சம் உப்பலாகத் தெரியும், அவ்வளவுதான். ரிவெட்டுகளை அறுத்து உள்தகட்டை உருவியபோது அது முழுசாக வரவில்லை. அடை அடையாக உதிர்ந்தது.

கெட்ட பகுதியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினேன். நேர் வெட்டில் வெல்டு போட்டால் பாரம் மொத்தமும் அந்த ஒரு கோட்டில் விழும், பிறகு அங்கேதான் கிராக் வரும். அதே கனத்தில் 'ப' வடிவப் புதுச் சானலை பிரஸ்ஸில் வளைத்து வாங்கி வந்து பொருத்தினோம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டு போட்டோம். ரிவெட் இருந்த ஓட்டைகளில் ஹை டென்சில் போல்ட் போட்டு இறுக்கினோம். கடைசியில் மறுபடியும் டேப் பிடித்தபோது அளவு மாறாமல் இருந்தது.

வின்சென்ட் தினமும் சாயங்காலம் வருவார். டோல்கேட்டில் பஸ் மாறி வருகிறவர், வழியில் எங்களுக்கு பஜ்ஜி வாங்கி வருவார். சேசிஸைச் சுற்றி நடந்துகொண்டே பழைய கதை சொல்வார். கதைகளில் அவர் எப்போதும் தண்ணீரில் நிற்பார், ரோசலின் மேலே உட்கார்ந்திருப்பாள். புயலுக்கு முந்திய நாள் அவள் வரிசையாகப் படகுகளை ஏற்றிய கதையைப் பல தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நீளும். நான் நிறுத்தச் சொன்னதில்லை.

வலது பக்கம்

திருப்பலிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. பிரைமர் அடிக்கும் முன்னால் வழக்கம்போல சுத்தியலால் முழுச் சேசிஸையும் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். வலது முன்பக்கம், ஸ்டீரிங் பாக்ஸ் உட்காருகிற இடத்துக்குப் பின்னால், மரப்பலகையைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டது. கிரைண்டர் பிடித்தேன். எப்போதோ யாரோ மேலே ஒரு ஒட்டுத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். அதை எடுத்ததும் உள்ளே ஒரு ஓட்டை. அதிலிருந்து ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் வரை கிராக் ஓடியிருந்தது.

அன்று சாயங்காலம் வின்சென்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேல ஒரு பிளேட்டு வச்சு அடிச்சுக் குடு பாய். ஒரு நாளைக்குத்தான். அவ போனப்பறம் நீ இன்னா வோணா பண்ணிக்க."

"ஸ்டீரிங் பாக்ஸ் குந்துற எடம் வின்சென்ட்டு. மணல்ல ஒடிச்சுத் திருப்பும்போது புட்டுக்கினு வந்துச்சுன்னா இன்னா பண்ணுவ? ஒக்காரப் போறது உந்தங்கச்சி."

அவர் பஜ்ஜிப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் ஷெட் பக்கம் வரவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நாளும் வெல்டிங் கண்ணாடிக்குள் எனக்கு வேலை ஓடவில்லை.

திருப்பலி நாள்

திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் ரோசலினை ஷெட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அவர்கள் வருவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வண்டியைத்தான் கொடுக்க முடியவில்லை, இருப்பதையாவது ஒழுங்காக வைப்போம் என்று, சேசிஸின் மேல் இரண்டு பலகை போட்டு டிரைவர் சீட்டை அதற்குரிய இடத்தில் வைத்திருந்தேன். ரீகண்டிஷன் முடிந்த என்ஜினைப் பக்கத்தில் ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் ஏற்றி, பாட்டரியும் டீசல் கேனும் இணைத்திருந்தேன்.

ரோசலின் வெள்ளைப் புடவையில் வந்தார். அண்ணனைவிட உயரம். முட்டியில் வலி போலிருக்கிறது, லேசாகச் சாய்ந்து நடந்தார். வெறும் சேசிஸைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். இவ்வளவுதான் மிச்சம் என்று நினைத்திருப்பார்.

நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். வலது பக்கத்து ஓட்டையையும் காட்டினேன். அவர் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதுலயா என்னய ஏத்தி வுடலாம்னு பாத்த?"

வின்சென்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோசலின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் கால் வைத்து, பலகைமேல் ஏறிச் சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் வீல் இல்லை, பெடல் இல்லை, கண்ணாடி இல்லை. ஷெட்டின் தகரச் சுவர்தான் இருந்தது. நான் என்ஜினை ஸ்டார்ட் செய்தேன். ஷெட் முழுக்கச் சத்தம். அவருடைய இடது கால் தானாக முன்னால் நீண்டு, இல்லாத கிளச்சை மிதித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ஃபோர் வீல் லிவர் எங்கே என்று கேட்டார். கழற்றிச் சுத்தம் செய்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். என்ஜின் நிற்கும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  சாயங்கால ரயிலுக்கு எழும்பூர் போக வேண்டும் என்று வின்சென்ட்தான் நினைவுபடுத்தினார். இறங்கும்போது லிவரை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாப் பாத்து முடிங்க அண்ணே. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அவசரம் இல்லை என்று அவர் சொன்ன விதம், பிறகு பல நாள் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எண்ணூர் மணலில்

மழைக்காலத்துக்கு முன்னால் வண்டி முடிந்தது. வலது பக்கத்தையும் இடது பக்கம் மாதிரியே வெட்டிப் புதுசாகப் போட்டோம். சானலுக்குள் தண்ணீர் தங்காமல் வடிய ஓட்டைகள் வைத்து, உள்ளே எல்லாம் துருத் தடுப்பு மெழுகு அடித்தோம்.

டிரையல் பார்க்க எண்ணூர்ப் பக்கம் மணல் மிச்சமிருக்கும் இடத்துக்குப் போனோம். வின்சென்ட் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டினார். மணலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி திணறியது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தோண்டிக்கொண்டு கீழே போனது. எனக்குச் சேசிஸ் தெரியும், மணல் தெரியாது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

வின்சென்ட் போனை எடுத்து தங்கைக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து டாஷ்போர்டில் சாய்த்தார். புதைந்துவிட்டது என்று அவர் சொல்லும் முன்னாலேயே ரோசலின் என்ஜின் சத்தத்திலேயே புரிந்துகொண்டுவிட்டார். முதலில் தூத்துக்குடிப் பேச்சில்தான் ஆரம்பித்தார், எங்க நிக்கிய, தண்ணி எவ்வளவு தூரம் என்று. வண்டியை எடுக்கிற பேச்சு வந்ததும் காசிமேட்டுப் பேச்சு வந்துவிட்டது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மணலைத் தோண்டித் தள்ளச் சொன்னார். எல்லாம் செய்துவிட்டு வின்சென்ட் ஏறி உட்கார்ந்தார்.

"லோ கியர் போட்டியா? ரிவர்ஸ் போடு. வந்த தடத்துலயே போவணும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல. எனக்குக் கேக்குது."

வின்சென்ட் காலை எடுத்தார். என்ஜின் தன் போக்கில் முனகியது.

"இப்ப கிளச்ச வுடு. மெள்ள. இன்னும் மெள்ள."

என்ஜின் சத்தம் அடிவயிற்றுக்கு இறங்கியது. வண்டி நகர்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் இருந்து, "வந்துடுச்சு" என்றார் ரோசலின். அதற்குப் பிறகுதான் சீட்டுக்கு அடியில் அசைவு தெரிந்தது. வண்டி தன் தடத்திலேயே பின்னால் ஊர்ந்து, கெட்டித் தரைக்கு வந்து நின்றது.

வின்சென்ட் சாவிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"ஆஃப் பண்ணாத" என்றார் ரோசலின். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஓடவிட்டோம். தூத்துக்குடியில் அவர் வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தமும், யாரோ இருமுகிற சத்தமும் போனில் வந்தன. வின்சென்ட் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்ப்பதுபோல நின்றேன்.

கற்றது

இப்போது ஷெட்டைப் பார்ட்னர் பார்த்துக்கொள்கிறார். நான் முடிந்தபோது போய் உட்காருவேன். பழைய வண்டியைக் கொண்டு வருகிறவரிடம் என்ன மாடல், எவ்வளவு ஓடியது என்று கேட்பதற்கு முன், இதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். சிலர் சிரிப்பார்கள். ஆனால் யாரும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. ஒட்டுத் தகடு போதுமா, வெட்டித்தான் போட வேண்டுமா என்ற சந்தேகம் வரும்போது அந்தப் பதில்தான் எனக்கு உதவுகிறது. இளைய தொழிலாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான்.

வண்டியை ஓட்ட ரோசலின் இன்னும் வரவில்லை. கணவர் இப்போது தலையணையில் சாய்ந்து உட்காருகிறாராம். கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். போன வருஷமும் அப்படித்தான் சொன்னார். வின்சென்ட் அவ்வப்போது வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு வருவார். நான் பாய் விரித்து அடியில் படுத்து, வலது முன்பக்கத்தில் ஆரம்பித்துப் பின்பக்கம் வரை சுத்தியலால் தட்டிக் கேட்பேன். அவர் மேலே குனிந்து நின்றுகொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

"நல்லாக் கீது. வரச் சொல்லு" என்பேன்.