வரிசை அக்காவும் தூங்கும் வேலைகளும்

பல்கலைக்கழக இணையதளத்தில் அவளைப் பற்றி இப்படிப் போட்டிருக்கிறது: "பயனர் ஒருங்கிணைப்பாளர். பொதுக் கணினிகளை அனைவரும் சமமாகப் பயன்படுத்த வழிசெய்பவர். இன்முகமும் பாரபட்சமின்மையும் கொண்டவர்." அவள் முகத்தில் இன்முகத்தைப் பார்த்தவர் யாரும் கணினி மையத்தில் இல்லை. பாரபட்சம் உண்டு, ஆனால் ஒரே ஒருவர்மேல்தான். இத்தனை வருடம் ஒருவரையே நினைத்துக்கொண்டிருப்பதைப் பாரபட்சம் என்பதா, விசுவாசம் என்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாணவர்களுக்கு அவள் 'வரிசை அக்கா'. தரைத்தளத்துக் குளிரறையில் இரையும் பெரிய கணினிகள் எல்லாத் துறைக்கும் பொது. ஒரு வேலையைக் கொடுத்தால் அது வரிசையில் நிற்கும், இடம் காலியானதும் ஓடும். அந்த வரிசை அவள் பொறுப்பு.

பஸ் சீட்டில் துண்டு போடுகிற வழக்கம் இங்கேயும் உண்டு. ஒன்றுமே செய்யாமல் தூங்கும் வெற்று வேலைகளைக் கொடுத்து முதலில் இடத்தைப் பிடித்துவிடுவார்கள். உண்மையான வேலை தயாரானதும் துண்டை எடுத்துவிட்டு உட்காருவார்கள். இதில் கைதேர்ந்தவர் ஒரு பேராசிரியர். பொதுச் சொத்தைப் பற்றி அவர் மேடையில் பேசினால் கண் கலங்கும். அவருக்குத்தான்.

அவளும் ஒரு காலத்தில் இங்கே ஆய்வு மாணவி. கடைசிக் கணக்கு ஒன்று ஓடி முடிந்திருந்தால் ஆய்வேட்டைக் கொடுத்திருப்பாள். கணினிகள் முழுக்க அவருடைய துண்டுகள். நேரில் போய்க் கேட்டாள். "ஆராய்ச்சிக்கு முதல் தகுதியே பொறுமைதாம்மா," என்றார். கெடு முடிந்தது, உதவித்தொகை நின்றது, பட்டம் போயிற்று. அவள் அதே கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய மனசு என்றார்கள். பெரியதுதான். அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொள்ள இடம் வேண்டாமா?

வெற்று வேலைகளை நிறுத்த அவளுக்கு அதிகாரம் உண்டு. நிறுத்தினால் அவர் இயக்குநரிடம் பேசி மதியத்துக்குள் மறுபடி போட்டுவிடுவார். அதனால் காத்திருந்தாள்.

இந்த வருடம் பேராசிரியர் பாதிக் கணினிகளைத் தன் குழுவுக்கே நிரந்தரமாகக் கேட்டார். அவை உண்மையில் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒரு நாள் மதியம் வருவதாக இருந்தது. அன்று காலையில் அவருடைய மாணவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, என் ஜாப் ஓடுதா?"

"ஓடுது."

"நாளைக்கு முடிஞ்சிரும்ல? அது முடிஞ்சாத்தான் தீசிஸ் குடுக்க முடியும். நடுவுல நின்னுச்சுன்னா முதல்லேருந்து ஓட்டணும், கெடுவும் போயிரும்."

"உங்க சார் போட்டு வச்சிருக்காரே, மத்ததெல்லாம்?"

"அதுங்களா?" அந்தப் பெண் சிரித்தாள். "சும்மா தூங்குதுக்கா. யாராவது கேட்டா, எல்லாமே என் ஜாபோட பாகம்னு சொல்லிக்கலாம்னார்."

"சொல்லுவார்."

"உங்களை அவருக்குத் தெரியுமாமே. ரொம்பப் பொறுமைசாலின்னு சொன்னார்."

"அவர்தானே கத்துக்குடுத்தார்," என்றாள் வரிசை அக்கா.

அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கும். இதை அவளுக்குச் சாதகமாக நான் சொல்லவில்லை.

மதியம் ஆய்வுக் குழு வந்தது. திரையில் கணினிகள் முழுக்கப் பேராசிரியர் போட்ட வேலைகள், அத்தனையும் தூக்கத்தில். வரிசையில் மற்ற எல்லாத் துறைகளும் காத்திருந்தன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கணுமே. என் ஸ்டூடண்டோடது."

"எது சார்? நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்று மரியாதையாக எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து தேடினார். குழுவினர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிக் கணினிகள் அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்த அனுமதியும் ரத்தாயிற்று. மையத்தில் நியாயம் ஜெயித்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

தூங்கிய வேலைகள் எதையும் அவள் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரே வேலையை, அந்த மாணவியுடையதை, குழு வருவதற்குச் சற்று முன் அவள் நிறுத்தினாள்.