காப்புக் கட்டுவதற்கு முன்னால்

கல்லூரியில் இருந்த நான்கு வருஷமும் எனக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று ஒன்று கிடையாது. பந்தை உதைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. ஆனால் கல்லூரி அணியில் யார் எங்கே நின்று ஆட வேண்டும் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டையில் எங்கள் விடுதி மாணவர்கள் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு பிரதிதான். நல்ல கையெழுத்து உள்ளவன் எழுதுவான், படம் போடத் தெரிந்தவன் அட்டை போடுவான், வாசகசாலை மேஜையில் கொண்டுபோய் வைப்போம். அதில் இரண்டு பக்கம் என்னுடையது.

அந்த இரண்டு பக்கத்தில் நான் தீர்ப்புச் சொல்லாத வழக்கில்லை. நடுவில் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் ஆட்டம் ஆட்டமே அல்ல என்று கிரிக்கெட்டைப் பற்றி எழுதினேன். சினிமாவில் கதாநாயகி சாகப்போகும் நேரத்திலும் ஒரு பாட்டுப் பாடித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பதால் அதை விளையாட்டுகளில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று சிபாரிசு செய்தேன். கல்லூரி விழா நாடகத்தில் பெண் வேஷம் போட்டவனுக்கு மீசை தெரிந்ததைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும்விட மூடநம்பிக்கையைச் சாடுவதுதான் எனக்கு வெல்லக்கட்டி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டிலும் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நானும் நம்பினேன்.

இதையெல்லாம் முதலில் கேட்பவன் என் அறைத் தோழன். அவன்தான் எங்கள் அணியின் கோல்கீப்பர். நார்த்தாமலையைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு ஊர் அவனுடையது. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிரம்பினால் விளைச்சல். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நான் நூறு வார்த்தை பேசி முடித்திருப்பேன். எங்கள் மைதானம் செம்மண் சரளை. அதில் வெறுங்காலோடு நின்று பந்துக்குப் பாய்ந்து விழுவான். வருஷம் முழுக்க முழங்காலிலும் முழங்கையிலும் டிஞ்சர் கறை இருக்கும். ஜில்லாவில் இவனைப் போல ஒரு கோல்கீப்பர் இல்லை என்று எழுதினேன். என் கருத்துகளில் ஒருவரும் மறுக்காத கருத்து அது ஒன்றுதான்.

அந்த ஆடி மாதம் மதுரையில் கல்லூரிகளுக்கிடையே பந்தயம் வைத்திருந்தார்கள். எங்கள் அணி புதன்கிழமை விடியற்காலை கிளம்பி, இரண்டு நாள் அங்கேயே தங்கி ஆட வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கே வந்து பார்க்கப்போவதாக எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்த அணியில் சேர்ந்துவிட்டால் ரயில்வேயில் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள் என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். அன்றைக்கு அறைக்கு வந்ததும் அவனாகவே வாயைத் திறந்து, வேலை கிடைத்தால் ஊரில் கிணறு வெட்டலாம் என்றான். அவன் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

சனிக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனான். போகும்போது ஒரு விவரம் சொன்னான். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அவர்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். பூசாரி காப்புக் கட்டி வேட்டுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்தவர்கள், விருந்தாளியானாலும் சரி, திருவிழா முடிகிற எட்டு நாளும் வெளியே இராத்தங்கக் கூடாது. தங்கினால், அவர்கள் இருந்த வீட்டாருக்கு ஆகாது. அதனால் எட்டு நாளும் இருக்க முடியாதவர்கள் காப்புக் கட்டுவதற்கு முன்னாலேயே ஊரை விட்டுப் போய்விடுவார்கள். அதில் அம்மனுக்கு மனக்குறை கிடையாது. அவனும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் அவனை விடமாட்டார்கள், நான் நேரில் போய்ப் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று தோன்றிவிட்டது. எங்கள் கேப்டன் என்னைத் தடுத்துப் பார்த்தான்.

"அவன் வாரேன்னா வந்துருவான். நீ எதுக்கு அங்கிட்டுப் போறே?"

நான் கேட்கவில்லை. வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆடிக்காற்று முதுகில் அடித்துத் தள்ளியது. திருக்கோகர்ணம் தாண்டியதே தெரியவில்லை. மிதிக்கவே வேண்டாதபடி சைக்கிள் பறந்தது. வழி நெடுக, அவன் அப்பாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டே போனேன்.

நாலு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன். அவன் அப்பா வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று என்னை உள்ளே அழைத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தார். பிரசவத்துக்கு வந்திருந்த அவன் அக்கா, நிறைமாதக்காரி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தலைவாரிச் சட்டை மாற்றியிருந்தான். நிலைப்படி ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. இதையெல்லாம் என் கண் பார்த்தது. நான்தான் பார்க்கவில்லை.

மோரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். விளையாட்டு ஒரு தேசத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதில் தொடங்கினேன். அவர் தோரணத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க தம்பி" என்றார். எதிர்ப்பு வரும் என்று நினைத்து வந்தவனுக்கு அந்த மரியாதை தலைக்கேறிவிட்டது. ரயில்வே வேலைக்கு வந்தேன். அங்கிருந்து மூடநம்பிக்கைக்கு வந்தேன். நூலைக் கட்டிக்கொண்டால் ஊர் காப்பாற்றப்படுமா, காலரா ஊசியை யார் கண்டுபிடித்தது, உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அடுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கேட்க ஆள் சேர்ந்ததும் எனக்கு இன்னும் பேச்சு வந்தது.

அவன் நிலைப்படியில் போய் நின்று பையைக் கையில் எடுத்துக்கொண்டான். வெயிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாப்ளே, போவமா? பஸ்ஸு போயிரும்."

"இருடா. பேசிக்கிட்டு இருக்கோம்ல."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் கூப்பிட்டான். அப்போதும் கையைக் காட்டி அடக்கினேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்திரு என்று சொல்வது அந்த வீட்டு வழக்கத்தில் இல்லை. அவனை நம்பி வந்தவனை விட்டுவிட்டு அவன் மட்டும் போவதும் இல்லை. அவர்கள் எல்லோரும் மரியாதையாக நேரத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அதைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஒருவழியாக, "ஆகவே நீங்கள் இவனை அனுப்பித்தான் ஆக வேண்டும்" என்று முடித்தேன். அவர் முகத்தில் குழப்பம்.

"அவன் போறதுக்கு நான் சனிக்கெழமையே சரின்னுட்டேனே தம்பி. பூசாரிகிட்டயும் சொல்லியாச்சு. நீங்க வேற ஏதோ சொல்ல வந்திருக்கீங்கன்னுல கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் ஒன்றரை மணி நேரம் பேசியது, ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்ட ஒருவரிடம். அந்த நேரத்தில் தூரத்தில் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வேட்டுப் போடுவதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டால் போதும். அவன் ஓடிப்போய்ச் சைக்கிளை எடுத்தான். நான் கேரியரில் ஏறிக்கொண்டேன். அவன் அக்கா வாசல் வரை வந்து, பார்த்துப் போங்க என்றாள். வண்டிப்பாதை முழுக்க மணல். வரும்போது என்னைத் தள்ளிவந்த காற்று இப்போது எதிரே நின்று நெஞ்சில் அடித்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நாங்கள் அசையவே இல்லை. அவன் எழுந்து நின்று மிதித்தான். முதுகுச் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியது. இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டேன். ஒக்காரு என்றான். ஊர்ப்பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. பனைமரத்தடியில், இடுப்பளவு உயரம், மேலே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கல்லிடம் மனசுக்குள் கெஞ்சினேன்.

முதல் வேட்டு வெடித்தது. அவன் காலைத் தரையில் ஊன்றினான். இரண்டாவது வெடித்தது. மூன்றாவதும் வெடித்தது.

கல்லுக்கும் எங்களுக்கும் பத்தடி இருக்கும். பத்தே அடி. மைதானத்தில் அவன் ஒரு பாய்ச்சலில் தாண்டுகிற தூரம்.

"இன்னும் பத்தடிதான்டா. யாரு பாத்தா?" என்றேன்.

"நான் பாத்தேன்ல" என்றான்.

எவ்வளவோ சொன்னேன். ரயில்வே என்றேன், கிணறு என்றேன். இதெல்லாம் பொய்யடா என்று கத்தினேன். கடைசியில் அழுதேன் என்றே நினைக்கிறேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் சைக்கிளைவிட்டு இறங்கிப் பையை ஹாண்டில்பாரிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அக்கா நெறமாசமா இருக்கு. அதுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, பந்தைப் பிடிச்சு என்ன செய்ய? நீ போ மாப்ளே. கேப்டன் காத்துக்கிட்டு இருப்பான். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிரு."

திரும்பி ஊரைப் பார்த்து நடந்துவிட்டான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் அடுத்தவனைக் கெடுத்தது.

சட்டப்படி பார்த்தால் நானும் காப்புக்குக் கட்டுப்பட்டவன்தான். வேட்டுப் போடும்போது எல்லைக்குள் இருந்தேன், அவர்கள் வீட்டு மோர் என் வயிற்றில் இருந்தது. ஆனால் விடிந்தால் அணி கிளம்புகிறது, போய்ச் சொல்ல வேறு ஆள் இல்லை. அந்தக் கல்லைத் தாண்டும்போது எனக்குப் பயமாக இருந்தது. மூடநம்பிக்கையைப் பற்றி அத்தனை எழுதியவனுக்குக் கால் கூசியது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கேப்டன் விடுதி வாசலிலேயே நின்றான். காய்ச்சல் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போய் என்னதான் பேசினே என்று கேட்டான். நான் சைக்கிளை நிறுத்தப் போய்விட்டேன். மதுரையில் எங்கள் கோலுக்குள் ஐந்து பந்து போனது. பல்கலைக்கழக அணிக்கு எதிரணியின் கோல்கீப்பரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பையனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். திறமையுள்ளவன்தான், ஆனால் எங்கள் ஆளுக்கு உறைபோடக் காண மாட்டான். இதுவும் என் கருத்துதான். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கல்லைத் தாண்டியதற்கு அவன் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ராப்பகலாகப் பயந்தேன். அவன் திரும்பி வந்து, அக்காவுக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று சொன்னபோது அவனைக் கட்டிக்கொண்டேன். எதற்கு இவனுக்கு இத்தனை சந்தோஷம் என்று அவனுக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடு மாப்ளே என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். காய்ச்சல் என்ற பொய்யை அவன் கடைசிவரை காப்பாற்றினான். நான்தான் காரணம் என்று கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மாதம் மதுரைத் தோல்வியைப் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். நான் சாம்பாரைப் பற்றி எழுதிக் கொடுத்தேன்.

அது அவனுக்குக் கடைசி வருஷம். அதற்குப் பிறகு ஆள் எடுக்க யாரும் வரவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானான். நான் வேலைக்காக வெளியூர் வந்துவிட்டேன். ஆடி பிறந்ததும் அவனிடமிருந்து ஒரு கார்டு வரும். ஒரு வருஷமும் தவறியதில்லை. அவன் பேச்சைப் போலவே நாலே வரி. எல்லோரும் நலம், இன்ன தேதியில் அம்மனுக்குக் காப்பு, முந்தின நாளே வந்துவிடு என்று இருக்கும். கடைசி வரியில், எட்டு நாளும் தங்க முடியாவிட்டால் பரவாயில்லை, சாயங்கால பஸ் இப்போதும் ஐந்தேமுக்காலுக்குத்தான், நானே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன் என்று எழுதியிருப்பான்.

அதைக் குத்திக்காட்டி எழுதுகிறானா, உள்ளபடியே என் வசதிக்காக எழுதுகிறானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவனைத் தெரிந்த மட்டில் வசதிக்காகத்தான் எழுதுவான். அதுதான் தாங்க முடியவில்லை. கார்டை மேஜையில் வைத்துக்கொண்டு, காப்புக் கட்டுகிற நாள் தாண்டும்வரை காத்திருந்து, வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடுவேன்.