அம்மா கேட்ட பண்டிகை

பொங்கல், தீபாவளி போக எங்கள் வீட்டில் இன்னும் பல பண்டிகைகள் இருந்தன. அவற்றை எந்தக் காலண்டரிலும் பார்க்க முடியாது. எல்லாம் சித்தப்பாவின் கண்டுபிடிப்புகள். தொண்ணூறுகளில் அப்பாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி, சால்ட் லேக் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். சித்தப்பா ஜாதவ்பூரில் ஆராய்ச்சி மாணவர். விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்துவிடுவார். செருப்பைக் கழற்றும்போதே, "நாளைக்கு என்ன நாள் தெரியுமா?" என்பார். எனக்கு அன்றிரவு தூக்கம் வராது.

டிசம்பரில் காற்று லேசாகச் சில்லிட்டதுமே கல்கத்தா முழுவதும் கழுத்துவரை மூடும் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொள்ளும். சித்தப்பா அதைக் குரங்குக் குல்லாய்த் திருநாள் ஆக்கினார். குளிக்கும் நேரம் தவிர அன்று குல்லாயைக் கழற்றக் கூடாது. வெயில் ஏறத் தொடங்கியதும் மின்விசிறிக்கு நன்றி சொல்லும் நாள். இறக்கைகளுக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டோம். குளிர்காலம் முழுக்க மேலே படிந்திருந்த தூசியும் குங்குமமும், கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் இறங்கின.

யார் வேண்டுமானாலும் ஒரு நாளைக் கேட்கலாம் என்பது விதி. நான் கணக்கு இல்லாத நாள் கேட்டேன். அப்பா, தன்னை யாரும் எதுவும் கேட்காத நாள் கேட்டார். அம்மா மட்டும் கேட்டதில்லை. "ஒங்க பண்டிகைக்கெல்லாம் பாத்திரம் கழுவுறதே எனக்குப் போதும்" என்பாள்.

எதிர்வீட்டில் ஒரு மாஷிமா இருந்தார். கட்டடத்தில் எல்லாருக்குமே அவர் மாஷிமாதான், பெரியம்மா மாதிரி. நன்றாகப் பேசுவார், நிறுத்தாமல் பேசுவார். ஆமாம் என்பதற்கு 'ஹ்யா', நல்லது என்பதற்கு 'பாலோ', இவ்வளவுதான் அம்மாவின் வங்காளம். நான் தெருப்பிள்ளைகளோடு விளையாடியே பாஷையைப் பிடித்துவிட்டேன். அதனால் மீன்காரர், டாக்டர், தையல்கடை என்று எங்கே போனாலும் அம்மாவின் வாய் நான்தான். நான் பள்ளிக்கூடம் போன நேரங்களில் அம்மா அந்த ஹ்யாவையும் பாலோவையும் வைத்துச் சமாளித்தாள்.

ஒரு மத்தியானம் மாடிப்படியில் மாஷிமா அம்மாவைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அம்மா சிரித்த முகமாய், "பாலோ, பாலோ" என்றாள். மாஷிமா முகம் மாறி, உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். சாயங்காலம் நான்தான் விசாரித்து வந்து சொன்னேன். அவருடைய தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம்.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பாவுக்கு இதை நடித்தே காட்டினேன். அவர் புரையேறும்வரை சிரித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். அதன்பிறகு, மாஷிமாவின் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே அம்மா துணி காயப்போடப் போனாள்.

அடுத்த வாரம் சித்தப்பா வந்ததும் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு நாள் வேணும்."

"சொல்லுங்க மதினி!"

"யாரும் வாயே தொறக்கக் கூடாது. எல்லாம் சைகைதான். நம்ம வீடு மட்டுமில்ல, இந்தக் கட்டடம் பூராவும்."

அப்பா பேப்பரைத் தாழ்த்தி அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

சித்தப்பா தனக்குத் தெரிந்த வங்காளத்தில் ஓர் அறிவிப்பு எழுதி மாடிப்படியில் ஒட்டினார். கடைசிவரை பேசாதவர்களுக்கு அம்மா சுட்ட மசால் வடை பரிசு. கல்கத்தாக்காரர்களை இதற்கெல்லாம் இரண்டாம் முறை கூப்பிட வேண்டியதில்லை. இருட்டுவதற்குள் கமிட்டியே அமைந்துவிட்டது. தலைவி மாஷிமா.

ஞாயிறு காலை மீன்காரர் வந்து வழக்கம்போலக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. பெண்கள் எல்லாரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு இறங்கி வந்து சூழ்ந்ததும் மனிதர் பயந்துவிட்டார். அம்மா கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். நான் பழக்கதோஷத்தில் பின்னாலேயே ஓடினேன். அம்மா ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்தாள். பிறகு முதுகை வளைத்து, இல்லாத தடியை ஊன்றி, தள்ளாடித் தள்ளாடி நடந்து, இருமி, தலையைத் தொங்கப்போட்டாள். இந்த மீன் வயதாகிச் செத்தது என்று அர்த்தம். மீன்காரர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாஷிமா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். நான் வாயைப் பிளந்து நின்றேன். வீட்டில் 'சத்தம் போடாதே' என்று மட்டுமே சொல்லும் அம்மாவுக்கு இது எங்கிருந்து வந்தது?

படியில் கால்விரலை இடித்துக்கொண்டு "ஐயோ" என்று அலறியதில் சித்தப்பா காலையிலேயே தோற்றுப்போனார்.

மத்தியானம் மொட்டைமாடியில் மாஷிமா துணி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர்முன் போய் நின்றாள். வழுக்கி விழுவதுபோல் காட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தன் காதைத் தொட்டு, புரியவில்லை என்று கையை விரித்தாள். பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். மாஷிமா அந்தக் கைகளைப் பிடித்துத் தடுத்தார். அப்புறம் அவர் ஏதோ காட்ட, அம்மா தெற்கே கையை நீட்டி, ரயில் போவதுபோல் தொலைதூரம் கொண்டுபோய், எதையோ நெஞ்சோடு அணைத்தாள். அது எனக்குப் புரியவில்லை. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. மாஷிமா தன் முந்தானையால் துடைத்தார்.

"யம்மா, ஏன் அழுத?" என்று கத்திவிட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்கள். நானும் தோற்றேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தால், மாஷிமா எங்கள் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வங்காளத்தில் பேச, அம்மா தூத்துக்குடித் தமிழில் பேச, இருவர் கைகளும் காற்றில் பறந்துகொண்டிருந்தன. நான் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

"நீ போய் வெளயாடு ஏட்டி. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்லா" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க இதே கதைதான். சனிக்கிழமை சித்தப்பா வந்ததும் வாசலிலேயே புகார் சொன்னேன். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிவதே இல்லை, மறுபடி ஏதாவது ஏடாகூடமாகிவிடும், என்னைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.

உள்ளே மாஷிமாவும் அம்மாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது. சித்தப்பா என் தலையைத் தடவிக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்தபடி நின்றார். மறுநாளுக்கு என்ன பண்டிகை வைக்கலாம் என்று யோசிக்கிறார்போல என நினைத்துக்கொண்டேன்.