சாமான் ஏத்துற பிளேன்

கனடாவிலிருந்து வந்த அக்காவின் மகன், அடம்பனில் நாங்கள் மீளக்குடியேறிய வீட்டு முற்றத்தில் இருந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். யுத்த காலத்தில் விமானப்படை ஓட்டிய பழைய விமானமொன்றைத் திருத்திப் பறக்கவிட்டிருக்கிறார்கள். சனம் கைதட்டுகிறது. அந்த இரைச்சலைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றிப் புகையை அடக்குவா. கொடியில் காயும் வெள்ளை உடுப்புகளை இழுத்துக்கொண்டு, எங்களையும் தள்ளிக்கொண்டு, மண்ணுக்குள் வெட்டிவைத்த பங்கருக்குள் ஓடுவா. ஜெட் வந்தால் முதல் ஆளாக உள்ளே இறங்கும் அப்பா, இதற்கு மட்டும் அசையமாட்டார். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே நிற்பார்.

"அது சாமான் ஏத்துற பிளேன். உதுக்கு ஏன் ஓடுறியள்?"

ஒருநாள் அதே பிளேனின் கதவைத் திறந்து, வெடிமருந்து நிரப்பிய பீப்பாயை எங்கள் வளவுக்குள் உருட்டிவிட்டார்கள். மாடு எது, அப்பா எது என்று பிரித்தெடுக்க எங்களால் முடியவில்லை. இப்போது அதற்குக் கைதட்டுகிறார்களாம்.

"நிப்பாட்டடா அதை," என்றேன்.

அவன் திகைத்துப்போனான். "ஏன் மாமா? இது குண்டு போடுற பிளேன் இல்லை. சாமான் ஏத்துறது."

"ஓம். உன்ர அம்மப்பாவும் அப்பிடிச் சொல்லிக்கொண்டுதான் நிண்டவர்."