தண்ணீர் எதுவரை வந்தது

நான் பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். பல்லி விழுந்தால் பயம், தொலைபேசி நேரம் தப்பி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். ஆனால் குளத்துக்குப் பயப்படுவதை மட்டும் என் குணத்தின் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். அது நியாயமான பயம்.

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட. வாசலில் நின்றால் கடல் தெரியும். ஒருமுறை அது ஊருக்குள் ஏறி வந்தது உண்மைதான். அப்போதும் என் அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள். கல்யாணமாகிக் கந்தளாய்க்கு வந்த அன்று, வயலுக்கு அப்பால் நீளமாக ஒரு மேடு தெரிந்தது. "அது என்ன மலை?" என்று கேட்டேன். "மலையில்லை, குளக்கட்டு" என்றார். "அப்ப குளம் எங்க?" "கட்டுக்கு அங்கால." தண்ணீர் எங்கள் கூரையைவிட உயரத்தில் நிற்கிறது என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு அந்த வீட்டில் நான் நிம்மதியாகத் தூங்கியது குறைவு.

அந்தக் குளம் ஒருமுறை உடைந்திருக்கிறது. நான் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், விடியாத நேரத்தில். அதைப் பற்றி, இரண்டு பக்கமும் வீடுகள் உள்ள எங்கள் ஒழுங்கையில் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று எங்கள் வீட்டில், மற்றது வேலிக்கு அந்தப் பக்கம்.

எங்கள் வீட்டுக் கதை இது. என் வீட்டுக்காரருக்கு அப்போது ஆறு வயது. கூக்குரல் கேட்டதும் அவருடைய அம்மா, என் மாமி, கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்பு வழியே ஓடினார். இருட்டில் கால் வழுக்கியது. குழந்தை கையை விட்டு வாய்க்காலோடு போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். எங்கள் வீட்டு வளவு கொஞ்சம் மேடு. பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று மாமி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே எங்கள் வீட்டின் சட்டம், என்ன நடந்தாலும் ஓடக்கூடாது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட மூத்தவர், நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவருடைய வாப்பா அதே விடியலில், "இது கல்வீடு, ஒண்டும் செய்யாது, எல்லாரும் உள்ளுக்கு இரிங்க" என்று கதவைப் பூட்டினாராம். வாப்பாவும் இரண்டு தம்பிமாரும் தண்ணீரோடு போனார்கள். ராத்தா ஒரு நாவல் மரத்தில் சிக்கிக் கிடந்து பிழைத்தார். அந்த வீட்டின் சட்டம், சத்தம் கேட்டால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓட வேண்டும்.

ஒரே குளம், ஒரே விடியல். இடையில் இருப்பது ஒரு கதியால் வேலி. பழையதைத் தெரிந்து வைத்திருந்தால் அது வழிகாட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். இரண்டு பக்கமும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு நடுவில் இருந்து பார்த்தால்தான் அந்தப் பேச்சின் அழகு விளங்கும்.

இவ்வளவையும் நான் சொல்வது அந்த மழைக்காக. புயல் வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். காற்று பெரிதாக இல்லை, மழைதான் விடாமல் பெய்தது. என் மகள் பிள்ளைப்பேற்றுக்காக எங்களிடம் வந்திருந்தாள். மருமகனுக்குக் கட்டாரில் வேலை. முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனது. இந்த முறை எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, குலுங்கக்கூடாது, படியேறக்கூடாது, இரத்தம் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. அவள் என்னைச் சிறைக்காவலர் என்று கூப்பிட்டாள்.

குளத்தில் மிஞ்சிய தண்ணீர் போகிற வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி மத்தியானம் வந்தது. பிறகு கைத்தொலைபேசிகளில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல் வரத் தொடங்கியது. குளக்கட்டில் வெடிப்பு என்றது ஒன்று. வெடிப்பு இல்லை, பழைய படம் என்றது இன்னொன்று. மூதூர்ப் பக்கம் வெள்ளத்துக்குள் போய்விட்டது என்றார்கள். அது மெய்தான் என்று பிறகு தெரிந்தது. கிராம சேவகர் வந்து, தாழ்ந்த இடத்தில் இருக்கிறவர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவது நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார். போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நல்லது என்றார். அந்த ஒரு சொல்லில் முடிவை எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இஞ்சாருங்கோ, போவம்" என்றேன்.

"எங்க போறது? ரோட்டெல்லாம் தண்ணி. இவளைக் குலுக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னதை மறந்து போனியோ?"

"குளம் உடைஞ்சா?"

"உடைஞ்சாலும் இஞ்ச வராது. அப்பவே வரேல்ல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி ஒரு முடிவுக்கு வந்திருப்போம். கதிரையில் இருந்து, நாளைக்கு என்ன கறி என்று கேட்கிற குரலில் சொன்னார். அவருக்கு அது தெரியும். தெரிந்தவனோடு எப்படி வாதாடுவது?

அந்த நேரம் ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தலையில் முக்காட்டுக்கு மேல் ஒரு பொலித்தீன். அவருடைய மகன் உழவு மெசினைப் பின்னால் பூட்டிய பெட்டியோடு ஒழுங்கையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"தங்கச்சி, புள்ளய ஏத்துங்க. மெத்தை போட்டு வெச்சிரிக்கன்."

"அவர் வேண்டாம் எண்டுறார் ராத்தா."

"என்ட வாப்பாவும் வேணாம் எண்டுதான் சென்னவர்" என்றார்.

குசினியில் அடுப்படிவரை போனேன், திரும்பி வந்தேன். போனால் மகளுக்கு வழியில் இரத்தம் படலாம். இருந்தால் தண்ணீர் வரலாம். இரண்டில் எது நடந்தாலும், ஏன் போனாய், ஏன் இருந்தாய் என்று என்னைக் கேட்க ஒரு குரல் எனக்குள்ளேயே தயாராக நின்றது. அவரைப் போல எனக்குத் தெரிந்திருக்கக்கூடாதா என்று பொறாமையாக இருந்தது. பிழையாகவென்றாலும் பரவாயில்லை, திடமாகத் தெரிந்திருந்தால் போதும். மகள் கட்டிலில் இருந்தபடி என் முகத்தையே பார்த்தாள். அவளுடைய கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் கேலி பேசாததுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

கடைசியில் நான் எப்படி முடிவெடுத்தேன் என்று நேர்மையாகச் சொல்வதானால், யோசித்து எடுக்கவில்லை. வான்கதவால் விழுகிற தண்ணீரின் இரைச்சல் நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டே வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அவ்வளவுதான் காரணம். "நான் அவளைக் கொண்டு போறன். நீங்கள் வந்தா வாங்கோ, வராட்டி இருங்கோ" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் அப்படி நான் பேசியதில்லை. அவர் எழுந்து, மகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் ஏற்றித் தானும் ஏறினார்.

மதகடியில் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. ரோட்டு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ராத்தாவின் மகன் மெசினை நிறுத்தி, இறங்கித் தடியால் ஆழம் பார்த்தான். ஏறி மெல்ல விட்டான். நடுவில் பெட்டியின் ஒரு சில்லுப் பதிந்து, பெட்டி வாய்க்கால் பக்கம் சரிந்தது. மகள் மெத்தையோடு அந்தப் பக்கம் வழுக்கினாள். என் வீட்டுக்காரர் அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்து, காலைப் பெட்டியின் விளிம்பில் மிதித்து நின்றார். கண்ணை இறுக மூடியிருந்தார். அவருடைய தம்பி போன வாய்க்கால் அதுதான். அது நினைவுக்கு வந்ததும் பிள்ளையாரைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. பக்கத்தில் ராத்தா ஓதுவது கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டேன். மெசின் இரண்டு தரம் உறுமியது. மூன்றாம் தரம் பெட்டி நிமிர்ந்தது.

மேட்டுக்கு ஏறிய பிறகு மகள் என் காதுக்குள், "அம்மா, கீழ ஈரமா இருக்கு" என்றாள்.

நான் கையை விட்டுப் பார்த்தேன். மழை இருட்டில் கையில் இருப்பது என்ன நிறமென்று தெரியவில்லை. ராத்தா டோர்ச் அடித்தார். அந்த வெளிச்சம் என் கைக்கு வந்து சேர்வதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். வெறும் தண்ணீர். மெத்தை ஊறியிருந்தது.

குளம் உடையவில்லை.

இரண்டு நாளில் மழை ஓய்ந்தது. ரோட்டுத் திறந்ததும் மகளை நேரே திருகோணமலைக்கு, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை, இரண்டு பேருக்கும் சுகம். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை அவளை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் வீட்டைப் பார்க்க வந்தோம்.

முற்றம் ஊறியிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் எல்லாம் விட்டது விட்டபடி. ஒழுங்கைச் சந்திக் கடைக்காரர் என்னைக் கண்டதும், "என்ன அக்கா, குளம் உடைஞ்சு முடிஞ்சுதோ?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை கிராம சேவகர் வந்தால் அவரையே பெட்டியில் ஏற்றி அனுப்புவோம் என்றார் ஒருவர். அப்படிச் சொன்னவரும் அன்றைக்கு எங்களோடு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்தான். சிரிப்பை நான் பொறுத்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் பாதி அதுதான். ஆனால் ராத்தா சிரிக்கவில்லை. "இனி ஆரும் வர மாட்டாங்க தங்கச்சி. மெய்யா உடைஞ்சாலும் வர மாட்டாங்க" என்றார். இந்த ஒழுங்கைக்கு மூன்றாவது கதை கிடைத்துவிட்டது, முதல் இரண்டையும்விடக் கேட்க இனிமையான கதை. ஓடினார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

மகள் பிள்ளையோடு வந்த அன்று, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, தண்ணி எதுவரைக்கும் வந்தது?"

அந்தக் கேள்விக்குள் மற்றக் கேள்வி இருந்தது. இந்த வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது, அவள் இன்னும் பல வருடம் இங்கே இருக்கப் போகிறாள். நானும் அவரும் இல்லாத ஒரு மழையில், இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா இருப்பதா என்று அவள் தனியாக முடிவெடுக்க வேண்டிவரும். அப்போது அவளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"சன்னல் வரைக்கும் வந்தது" என்றேன்.

"சுவரில அடையாளம் ஒண்டையும் காணேல்ல?"

பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். அப்போது பின்னால் இருந்து அவர், "நான்தான் கழுவிப்போட்டன்" என்றார்.

மகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வந்தது. நான் அதைக் கண்டு சந்தோஷப்பட்டேன்.

அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போன பிறகு நான் அவரிடம், "நீங்கள் ஓட வேண்டாம் எண்டுற ஆள். என்னத்துக்கு எனக்காகப் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளம் உடைஞ்ச அண்டைக்குச் சித்தப்பா என்னைத் தோளில தூக்கிக்கொண்டு வேற பக்கம் ஓடினவர்" என்றார். "ஒரு மாசம் சித்தப்பா வீட்டிலதான் நிண்டனான். நான் திரும்பி வரேக்க வீடு கழுவிப் பூசியிருந்தது. தண்ணி வரேல்ல எண்டு அம்மா சொன்னவ. பிறகு சண்டைக் காலத்தில ஊர்ச்சனம் எல்லாம் ஓடேக்கையும் அதைத்தான் சொல்லிச் சொல்லி எங்களை வீட்டோட வைச்சிருந்தவ."

"அப்ப வந்ததோ, வரேல்லையோ?"

"எனக்குத் தெரியாது" என்றார். குளக்கட்டைப் பார்த்தார். அந்த மனிதர் பயந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.